எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்தால் நோய் முடிந்ததா?

"வைரஸால் வரும் மூளையுறை அழற்சி பத்து நாளில் தானே போய்விடும், அதற்கு மேல் படுத்துக் கிடப்பது சோம்பல்." கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமானாலும் கோலாலம்பூர் அலுவலகமானாலும் வாதம் இதுதான். பாதி உண்மை. பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் அதற்குள் தணிந்துவிடும். மீதிப் பாதிக்கு மூன்று பதில்கள்.

ஒன்று: காய்ச்சல் விடுவது வேறு, ஆள் தேறுவது வேறு. தலைவலி, அசதி, மறதி, தூக்கக்கேடு சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

இரண்டு: "ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே?" அசதி எந்த ஸ்கேனில் தெரியும்? செங்குத்துச் சரிவில், இரைச்சலிடும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் பிடித்து நடக்கும்போது ஒருவருக்குத் தலை சுற்றினால் யார் பொறுப்பு?

மூன்று: மலேசியா நிபா வைரஸ் நோயை மறந்துவிட்டதா? அது மூளையையே தாக்கிய, இன்னும் கொடிய நோய்தான். 1998-99இல், மலையடிவாரத்துக்கு அப்பாலுள்ள ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, 265 பேரைத் தாக்கியது. 105 பேர் இறந்தனர். வீடு திரும்பியவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளை அழற்சி திரும்ப வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு எதை முடித்துவைத்தது?

இரண்டாண்டு பணி நிறைவடையாதவருக்கு வேலைச் சட்டம் ஆண்டுக்குத் தருவது 14 நாள் மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். வீட்டில் தேறும் மாதங்களுக்கு? நிர்வாகங்கள் தேறிவருபவர்களைச் சரிவுக்கு அனுப்பாமல், அரை நாள் இலகு வேலையில் தொடங்கவிட வேண்டும். சம்பளத்தையும் வெட்டக் கூடாது.