வளர்த்த தகப்பனுக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

மும்பையில் எந்த அலுவலகப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு மூன்று கட்டங்கள் இருக்கும். சொந்தப் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர். மராத்தியர்கள் "ஆட்நாவ்" என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. நமக்கு உள்ளது ஓர் இனிஷியல். ஆகவே நம்மவர்கள் பலர் அப்பா பெயரையே மூன்றாவது கட்டத்திலும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்பா ஒருவரே என்றால் வம்பில்லை. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர் என்றால் எந்தப் பெயரை எழுதுவது?

கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொள்வது இன்று தாராவியிலோ செம்பூரிலோ அதிசயமான செய்தி அல்ல. கைக்குழந்தையோடு வந்தவளை ஏற்று, அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாகவே ஆளாக்கிய மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறிக்கத் தமிழில் புழக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. மாற்றாந்தாய் என்ற சொல்லை அரசியல் மேடையில்கூடக் கேட்கிறோம். மாற்றாந்தந்தை என்று யாராவது வீட்டில் பேசிக் கேட்டதுண்டா? பிள்ளைகள் அவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சட்டம்தான் அப்படிக் கூப்பிட மறுக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், வயது 24. மூன்று வயதில் தகப்பனாரை இழந்தவர். ஐந்தாவது வயதில் தாயாருக்கு மறுமணம் நடந்தது. அன்று முதல் சோறு போட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டி, பையனுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் இரண்டாவது அப்பாதான். இப்போது அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளப் பையன் விரும்புகிறான். கோர்ட் வாசலில் ஓர் ஏஜெண்ட், "சுவீகாரப் பத்திரம் எழுதினால் எல்லாம் முடிந்தது" என்று சொல்லி, முத்திரைத்தாளுக்கும் கூலிக்குமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு எழுதியும் கொடுத்துவிட்டார். பத்திரம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கோர்ட்டில் அது நிற்காது.

ஏன் என்று சொல்கிறேன். 1956-ம் ஆண்டு இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, 15 வயது நிரம்பியவரைத் தத்து எடுக்க முடியாது. மணமானவரையும் முடியாது. அதற்கு மாறான வழக்கம் அந்தச் சமூகத்தில் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. போதாக்குறைக்கு 11-வது பிரிவு வேறு இருக்கிறது. தத்து எடுப்பவருக்கு ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்து எடுக்கக் கூடாது என்கிறது அது. மறுமணத்தில் தம்பி ஒருவன் பிறந்துவிட்டால் அண்ணனுக்குக் கதவு அடைபட்டுவிடும்!

"மகாராஷ்டிரத்தில் எந்த வயதிலும் தத்து எடுக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். பழைய பம்பாய் மாகாணத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. 1991-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளாது. ஊர் மாறினாலும் குடும்பம் தன் பழைய வழக்கத்தைக் கூடவே கொண்டு வருகிறது என்பதுதான் கோர்ட்டுகள் முதலில் எடுத்துக்கொள்ளும் நிலை. அதை மாற்றிக்கொண்டோம் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் கீழ், தாயின் மறுமணக் கணவர் குழந்தையைத் தத்து எடுக்க வழி வந்தது. மதம் எதுவானாலும் சரி. ஆனால் அதுவும் 18 வயதோடு முடிந்துவிடுகிறது.

பெயர் விஷயம் இவ்வளவு கடினம் அல்ல. 18 வயது ஆனவர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தத்து வேண்டியதில்லை. மகாராஷ்டிர அரசு கெஜட்டில் அறிவிப்பு வர வேண்டும். விண்ணப்பம் இப்போது இணையவழியிலேயே போகிறது. அதன் பிறகு ஆதார், பான், பேங்க் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாம். பழைய பள்ளிச் சான்றிதழோடு கெஜட் பிரதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். தன் பெயரைத் தீர்மானிப்பது பேச்சுரிமை, கருத்துரிமையைச் சேர்ந்தது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பெற்றவர் பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்றும் இல்லை. நமக்கு இரண்டு இனிஷியல் புதிதா என்ன? நான் சொன்ன வீட்டில், "அவர் எழுத்து முன்னால் இருக்கட்டும்" என்று சொன்னவர் வளர்த்த தகப்பனார்தான்.

ஆனால் பெயர் மாறியதால் வாரிசு ஆகிவிட முடியாது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளைக்கு அவர் சொத்தில் ஒரு காசு கிடையாது. தாயார் முந்திப் போய், பிறகு அவரும் போய்விட்டால், அவருக்கு வேறு பிள்ளைகளோ தாயாரோ இல்லாத பட்சத்தில், பத்து வருஷமாக வாசற்படி மிதிக்காத அண்ணன் தம்பிகள் வந்து சாவியைக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், மாற்றாந்தாய் உயில் இல்லாமல் இறந்து, அவளுக்குக் கணவனோ சொந்தப் பிள்ளைகளோ இல்லையென்றால், அவள் சுயமாகச் சம்பாதித்த சொத்து அவள் கணவனின் வாரிசு என்ற முறையில் மூத்த தாரத்து மகனுக்குப் போகும். 1987-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்திய விஷயம் இது. மாற்றாந்தாயிடமிருந்து கிடைப்பது, மாற்றாந்தந்தையிடமிருந்து கிடைக்காது. இதில் என்ன நியாயம்?

சர்க்காருக்கு இந்த உறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மத்திய அரசு ஊழியரின் கிராஜுவிட்டி விதிகளில், குடும்பம் என்ற சொல்லுக்குள் மாற்று மகனையும் சுவீகார மகனையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் குழந்தை என்பதற்கு அப்படியே விளக்கம் எழுதினார்கள். வரிக்கணக்குப் போடும்போது பிள்ளையாகத் தெரிந்தவன், வீட்டைப் பிரிக்கும்போது மட்டும் அந்நியன் ஆகிறான்.

ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், தாயின் மறுமணக் கணவரை ஆவணங்களில் "மாற்றாந்தந்தை" என்றே எழுத வேண்டும் என்று ஹைகோர்ட் உத்தரவிட்டிருந்தது. அது குழந்தையின் மனதைப் பற்றி யோசிக்காத கொடுமை என்று 2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை ஒதுக்கித் தள்ளியது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது சிறுபிள்ளை சம்பந்தப்பட்டது. வழக்கு நடக்கும்போதே அந்தப் பிள்ளையை முறைப்படி தத்தும் எடுத்துவிட்டார்கள். 15 வயதைத் தாண்டியவனுக்கு அந்த வழி எது?

சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி. கூடவே இருந்து வளர்த்தவர், வளர்ந்த பிள்ளை, தாய் உயிரோடு இருந்தால் அவள், இந்த மூவரும் சம்மதித்தால் வயது வரம்பு குறுக்கே நிற்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருக்கிறான் என்ற தடையும் இந்த உறவுக்கு வேண்டாம். தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்து உறவு அறுந்துவிடும் என்ற 12-வது பிரிவையும் இங்கே தளர்த்த வேண்டும். பெற்ற தகப்பனின் அம்மா, அதாவது சொந்தப் பாட்டி, ஒரே நாளில் யாரோ ஆகிவிடலாமா?

சொத்துக்காகப் பெரியவர்களைக் கைக்குள் போட்டுக்கொள்வார்கள் என்று பங்காளிகள் பயப்படலாம். தான் சம்பாதித்ததைத் தெருவில் போகிறவனுக்குக்கூட உயில் எழுதிவைக்க இன்றைக்கே ஒருவருக்கு உரிமை உண்டு. பேராசைக்காரனுக்கு அந்த வழி எப்போதோ திறந்துதான் கிடக்கிறது. தத்து என்பது மகன் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவனுக்குத்தான் தேவைப்படுகிறது.

திருத்தம் வரும் வரை, இப்படிப்பட்ட பத்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெயருக்குக் கெஜட், வீட்டுக்கு உயில். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் அல்ல என்றாலும் சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. உயிலில் பையனின் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். சொசைட்டியில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிட வேண்டாம். நாமினி வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான். உரிமை வாரிசுக்கோ உயில் பெற்றவருக்கோதான் போகும்.