தாயிடம் என்ன விசாரணை?

டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தால் வீட்டில் முதல் கேள்வி தாயிடம்தான் போகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா? எதைச் சாப்பிட்டாய்? என்ன மாத்திரை விழுங்கினாய்? இந்த விசாரணையில் பதில் கிடைக்காது. அந்தத் தாய் பிறப்பதற்கு முன்பே அவள் உடலில் தொடங்கிவிட்ட ஒரு வேலையில்தான் பெரும்பாலும் பதில் இருக்கிறது.

பள்ளியில் குன்றல் பகுப்பு என்று மனப்பாடம் செய்தோமே, அந்த மியாசிஸ்தான் அது. நம் செல்களில் 46 குரோமோசோம்கள்: தாய் வழியில் 23, தந்தை வழியில் 23. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இவை பாதியாக வேண்டும். முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. பிறகு தன் ஜோடியோடு நீளவாக்கில் ஒட்டி நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்கிறது. பரிமாற்றம் நடந்த இடங்கள் முடிச்சுகள் போல ஜோடியைப் பிடித்து வைக்கின்றன. முதல் பிரிவில் ஜோடிகள் விலகும். இரண்டாவதில் பிரதிகள் விலகும். துண்டுப் பரிமாற்றத்தைச் சேர்க்காமலே ஒருவரிடம் 83,88,608 விதச் சேர்க்கைகள் சாத்தியம். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சாக இல்லாததில் வியப்பில்லை.

ஆணிடம் இந்த வேலை பருவ வயதில் தொடங்கித் தொடர்ந்து நடக்கிறது. பெண்ணின் கதை வேறு. அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பரிமாற்றம் முடிந்த கட்டத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. முட்டை முதிர்ந்து வெளிவரும் சமயத்தில்தான் முதல் பிரிவு முடியும். விந்தணு நுழைந்தால்தான் இரண்டாவது முடியும். 38 வயதில் கருத்தரிக்கும் பெண்ணின் முட்டையில் குரோமோசோம்கள் 38 வருடங்களுக்கும் மேலாக அந்த நிலையிலேயே காத்திருந்திருக்கின்றன.

இத்தனை காலமும் அவற்றைக் கட்டிவைத்திருப்பது கொஹிசின் என்ற புரதம். வயது ஏற ஏற அந்தக் கட்டு தளர்கிறது. 21வது ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குள் தங்கிவிட்டால், குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் மூன்றாகிவிடும். பாரிசில் மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன் ஆகியோர் அடங்கிய குழு 1959ல் இதை வெளியிட்டது. தாய்க்கு 20 வயதை ஒட்டி இருந்தால் சுமார் 1,500 பிரசவங்களுக்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று.

இளம் தாய்மார்களுக்கும் இது நேர்வதுண்டு. சில சமயம் தந்தையின் விந்தணுவிலிருந்தும் கூடுதல் குரோமோசோம் வருகிறது. வெகு சில குடும்பங்களில் இது பரம்பரையாகவும் தொடரும் என்பதால், அடுத்த குழந்தைக்கு முன் குரோமோசோம் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதையும் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போய்க் கேட்கட்டும்.