மூடுபனிக் கரையும் 155 பேரும்



கடல் என்றதும் நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு வருகின்றது. ஒருவருக்கு அது தொழில். இன்னொருவருக்கு அது 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி. மற்றொருவருக்கு, 2009 இல் காயப்பட்ட பிள்ளையைச் சிறு வள்ளத்தில் ஏற்றி, புதுமாத்தளனுக்கு அப்பால் நின்ற செஞ்சிலுவைக் குழுவின் கப்பலுக்கு அனுப்பிய நாள். வெளிநாட்டுக்கென்று படகேறிப் போன உறவின் முகத்தைக் கடலோடு சேர்த்து நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். இந்த மாதம் நான் எழுதுவதும் ஒரு கரையைப் பற்றித்தான். அது வெகு தூரத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஓரத்தில் இருக்கின்றது. ஆனாலும் நமது கதையில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கடந்த கோடையில் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவிடம் போயிருந்தேன். புறப்படுவதற்கு முன்னர், கொட்டாஞ்சேனையில் நாங்கள் மாதந்தோறும் கூடும் பெண்கள் குழுவில் ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டு, "எங்கட சனம் வள்ளத்தில போய்க் கரை சேர்ந்த இடம் ஒண்டு கனடாவில இருக்காம். ஏலுமெண்டால் பாத்திட்டு வாங்கோ மிஸ்" என்றார். அவருடைய தம்பி ஐரோப்பாவுக்கென்று முகவர் ஒருவருடன் புறப்பட்டவர். இன்றுவரை தகவல் இல்லை. அவர் கேட்டதை அக்காவிடமும் அத்தானிடமும் சொன்னேன். அத்தான் மறு பேச்சில்லாமல் விமானச் சீட்டுகளைப் பதிவு செய்தார். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் பறந்து நியூபவுண்லாந்துத் தீவில் இறங்கினோம். சென்ற் ஜோன்ஸ் நகரில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

நியூபவுண்லாந்து இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிய தீவு. ஆனால் அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் மட்டுமே. 1949 இல்தான் அது கனடாவோடு இணைந்தது. தீவின் தென்கிழக்கு மூலையில், அவலோன் குடாநாட்டின் கரையைச் சுற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் ஒரு வீதி போகின்றது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியினர் இப்பகுதியில் வாழ்வதால் அதனை 'ஐரிஷ் வளையம்' என்று அழைக்கின்றனர்.

முதல் நாள் கேப் ஸ்பியர் என்ற முனைக்குப் போனோம். வட அமெரிக்கக் கண்டத்தின் மிகக் கிழக்கான இடம் அதுதான். 1836 இல் கட்டப்பட்ட பழைய வெளிச்சவீடு ஒன்று அங்கே உண்டு. காரை நிறுத்திவிட்டுக் கற்பாதையால் நடந்தோம். பாறைகளின் மேல் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கின்றார்கள். அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென ஒரு பேரலை எழுந்து, நிற்பவரை இழுத்துச் சென்றுவிடுமாம். எங்கள் வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்குக் கீழே கருங்கற்களில் இருந்து பொழுதுபடும் நேரத்தில் கடலைப் பார்ப்போமல்லவா? அப்படி இருக்க அந்தக் கடல் இடம் தராது. கரையே மதில் போலச் செங்குத்தாக நிற்கின்றது. மணல் என்று ஒரு பிடி எடுக்க முடியாது.

மறுநாள் தெற்கே புறப்பட்டோம். அக்கா கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சம்பலும் பிளாஸ்கில் தேநீரும் எங்களுடன் வந்தன. 1621 இல் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்த ஃபெரிலாந்து என்ற ஊரில் இறங்கி வெளிச்சவீடுவரை நடந்தோம். அதற்கப்பால் காடு தீர்ந்துவிட்டது. மரமே இல்லாத வெளி. பாசியும் முழங்கால் உயரப் பற்றைகளும் சிறு குட்டைகளும் மட்டுமே. காரை மெதுவாக ஓட்டச் சொல்லி வீதியோரத்தில் அறிவித்தல் இருந்தது. கரிபூ என்னும் மான்கள் குறுக்கே வருமாம். வழியில் திரெபாசி என்ற துறைமுக ஊர். 1928 யூன் மாதத்தில் அமேலியா இயர்ஹார்ட் பயணம் செய்த விமானம் இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது. அத்திலாந்திக்கை வான்வழியாகக் கடந்த முதற் பெண் அவர்.

திரெபாசியைத் தாண்டியதும் மூடுபனி வந்தது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த லாப்ரடோர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் இந்தக் கடலில் சந்திக்கின்றன. வெப்பக் காற்று குளிர்ந்த நீரின் மேல் வரும்போது பனிப்புகையாக மாறிவிடுகின்றது. பத்து நிமிடத்திற்கு முன் தெரிந்த கடல் காணாமற் போயிற்று. அத்தான் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். பிரதான வீதியிலிருந்து பிரியும் சிறு வீதியால் சென்று, சென்ற் ஷொட்ஸ் என்ற மீன்பிடிக் கிராமத்தை அடைந்தோம். சில டசின் வீடுகள், ஒரு தேவாலயம், காற்று. அவ்வளவுதான். முற்காலத்தில் மூடுபனியில் வழி தவறிய பல கப்பல்கள் இந்தக் கரையில் மோதி உடைந்திருக்கின்றன.

இந்தக் கிராமத்துக்கு அப்பாலுள்ள கடலில்தான் 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் காணப்பட்டார்கள். 1983 யூலைக் கலவரத்திற்குப் பின்னர் நாட்டை விட்டு வெளியேறி மேற்கு ஜேர்மனியில் அடைக்கலம் கேட்டவர்கள் அவர்கள். அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்ற அச்சமும் இருந்தது. ஆயிரக்கணக்கான மார்க் பணம் கொடுத்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார்கள். அந்தக் கப்பல் அவர்களை நடுக்கடலில் இந்த இரு படகுகளிலும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். மூடுபனியில் திசை தெரியாமல், குடிதண்ணீர் குறைந்து, நாட்கணக்கில் மிதந்தார்கள். ஆகஸ்ட் மாதத்திலும் அந்தக் கடலின் நீர் 15 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நமது கடல் 28 பாகை. அந்த நீரில் விழுந்தவர் அதிக நேரம் உயிர் தப்ப மாட்டார்.

அவர்களைக் கண்டவர் கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். தொழிலுக்கு வந்த இடத்தில் மூடுபனிக்குள் ஒரு படகு தெரிந்தது. வலையை விட்டுவிட்டு அவர்களை ஏற்றினார். வானொலியில் மற்றப் படகுகளுக்கும் கரையோரக் காவற் படைக்கும் அறிவித்தார். இவர்கள் யார், எந்த நாடு, கடவுச்சீட்டு உண்டா என்பதெல்லாம் அந்த மீனவர்களுக்குப் பிறகு வந்த கேள்விகள். தண்ணீரும் உணவும் முதலில் வந்தன. 155 பேரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

சென்ற் ஷொட்ஸ் முனையில் நின்றபோது எனக்கு விளங்கியது இதுதான்: அந்தக் கரை யாரையும் காக்கும் கரை அல்ல. இறங்குதுறை இல்லாத பாறைச் சுவரை நோக்கித்தான் அந்தப் படகுகள் மிதந்திருந்தன. காத்தது மனிதர்கள். கடலில் தகப்பனையும் சகோதரனையும் இழந்த குடும்பங்கள் அந்த ஊர்களில் ஏராளம். கடலில் தவிப்பவரை முதலில் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் படித்த விடயம் அல்ல. ஆறு ஆண்டுகளின் பின், 1992 யூலையில், கொட் மீன் அருகிவிட்டதென்று அரசாங்கம் அதனைப் பிடிக்கத் தடை விதித்தபோது, ஏறத்தாழ 30,000 பேர் அந்த மாகாணத்தில் தொழிலை இழந்தனர். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்த பெண்களும் அவர்களுள் அடங்குவர். பாதி வயதில் வேறு தொழில் பழகுவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கரை சேர்ந்தவர்கள் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி அவர்களைத் துரத்தியது பயம். ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்ற உண்மை சில நாட்களிலேயே வெளிவந்தது. கனடாவில் பலர் கோபப்பட்டார்கள். திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஆயினும் அரசாங்கம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி வழங்கியது. மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று அவர்கள் உழைத்து முன்னேறினார்கள். 2016 இல், முப்பது ஆண்டுகளின் பின், அவர்களுட் சிலர் நியூபவுண்லாந்துக்குத் திரும்பிச் சென்று டால்ரனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள்.

சகோதரிகளே, இந்தக் கதையை இத்துடன் முடித்தால் அது இனிமையான கதை. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் முகவரின் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நம்மில் பலருக்குத் தெரியும். இன்றும் அப்படி அழைப்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் 1986 ஐத்தான் உதாரணம் காட்டுவார்கள். அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர். அவர்களுள் 63 பெண்களும் 49 சிறுவர்களும் இருந்தனர். வழியிலேயே ஒருவர் இறந்தார். வந்தவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். சிலர் பல மாதங்கள். 2012 இல் கனடா தன் சட்டத்தையே இறுக்கியது. 2022 நவம்பரில், கனடாவுக்கென்று புறப்பட்ட 303 இலங்கையர் சென்ற படகு வியட்நாமுக்கு அப்பால் மூழ்கத் தொடங்கியது. அவ்வழியே வந்த ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. ஒருவர் வியட்நாமில் உயிரிழந்தார். பலர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஈடு வைத்த காணியும் நகையும் திரும்பி வரவில்லை.

ஒரு கஸ் டால்ரன் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது 155 பேரின் நல்ல காலம். அதை நம்பி ஒரு பிள்ளையைப் படகேற்ற முடியாது. வீட்டில் யாராவது "ஏஜென்சி மூலம் போகிறேன்" என்றால், அழுது தடுப்பதைவிடக் கேள்வி கேளுங்கள். என்ன கப்பல்? எந்தத் துறைமுகம்? பணத்தை யார் பெயரில் வாங்குகின்றார்கள்? பற்றுச்சீட்டு உண்டா? பிடிபட்டால் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்பது தெரியுமா? பதில் இல்லாத இடத்தில் காணி உறுதியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே போய்த் தகவல் இல்லாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமற் போன உறவுகளைத் தேடும் சேவை உள்ளது. அதற்குப் பணம் வாங்குவதில்லை. புறப்பட்ட திகதி, கடைசியாகப் பேசிய இடம், கூடப் போனவர்களின் பெயர், ஒரு படம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். வருடங்கள் கடந்துவிட்டனவே என்று பதியாமல் விடாதீர்கள்.

நாம் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் யாரோ ஒருவர் கை கொடுத்ததால் கரை சேர்ந்தவர்கள். நமது ஒழுங்கையிலும், முகாமிலிருந்து வந்து குடியேறிய அடுத்த வீட்டிலும், இன்று யாராவது மூடுபனியில் நிற்கக்கூடும். எந்த ஊர், எந்தப் பகுதி, எந்தப் பக்கம் நின்றவர் என்ற கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் தண்ணீர் கொடுப்போம்.