கணினிக் கொடையும் கருவி அறிவும்

தாம் பயின்ற கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் கணினி வழங்குதல் இக்காலத்து நல்லறங்களுள் ஒன்று. அவ்வறத்தின்கண் நேரும் ஒரு சிறு குறையை இம்மலரில் எடுத்துரைத்தல் பொருந்தும்.

பழைய கணினிகளில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவுதல் வழக்கம். அது விலையின்றிக் கிடைப்பது. பழைய பொறியிலும் நன்கு இயங்குவது. ஆயினும் நிறுவி முடித்த பின், திரை ஒளிர, விசைப்பலகை பணிய, கம்பியில்லா வலையமைப்பு மட்டும் ஊமையாய் நிற்பதுண்டு. அக்கருவியினுள் ஏற்றவேண்டிய நிலைபொருள் என்னும் சிறு மென்பொருள் இணையத்தில் உள்ளது. இணையத்தை அடைவதற்கோ அந்நிலைபொருளே வேண்டும். திறவுகோலைப் பெட்டியினுள் வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது. உடனே, “லினக்ஸ் பயனற்றது” எனத் தீர்ப்புக் கூறுவர் பலர். அத்தீர்ப்பு முறையன்று.

குறை பெரும்பாலும் லினக்ஸினிடத்து இல்லை. கருவியின் இயல்பை மறைத்தாரிடத்தே உள்ளது. புரோட்கொம் சில்லுகளின் வரலாறு இதற்குச் சான்று. அவற்றை இயக்கும் செலுத்தியை எழுதுதற்குரிய விவரங்கள் வெளியிடப்படவில்லை. ஆதலால் தன்னார்வலருள் ஒரு சாரார், இருந்த செலுத்தியை ஆராய்ந்து குறிப்பு எழுதினர். மறு சாரார் அக்குறிப்பை மட்டுமே கொண்டு புதிய செலுத்தி ஆக்கினர். 2006இல் அது லினக்ஸின் உட்கருவிற் சேர்ந்தது. 2010இல்தான் அந்நிறுவனம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூலச் செலுத்தியை வெளியிட்டது. டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து, பகிர உரிமையுள்ள நிலைபொருள்களை நிறுவல் தொகுதியிலேயே சேர்த்தனர்.

ஆகவே கொடையாளர்க்கு ஒரு விண்ணப்பம். கணினியை அனுப்புமுன், நினைவுக்கோலில் உள்ள லினக்ஸைக் கொண்டு அதனைத் தொடக்கிப் பாருங்கள். நிறுவாமலே வலையமைப்பைச் சோதிக்கலாம். இணையாவிடின், வலையமைப்புச் சில்லின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கணினியோடு அனுப்புங்கள். வேண்டிய நிலைபொருள் எதுவென அறிய அதுவே வழிகாட்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். கருவி இணங்காதபோது கைவிடாதீர். உட்கரு எழுதும் பதிவை வாசித்தால், எந்தக் கோப்பு இல்லையென்பதைப் பெரும்பாலும் அதுவே கூறும். கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து, அதன் இணையத்தின் வழியே அக்கோப்பைப் பெறலாம். இவ்வாறு ஒருமுறை முயன்று வென்ற மாணவன், கணினியைப் பயன்படுத்துவோன் என்னும் நிலை கடந்து அதனை அறிந்தோன் ஆகின்றான்.

பொருளை ஈதல் நன்று. அதனைப் பற்றிய அறிவையும் உடன் ஈதல் மிக நன்று என்பது என் துணிபு.