யுவான் சுவாங் வெறும் யாத்திரிகர்தானா?

ஹர்ஷர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யார் என்று கேட்டால், நம் பள்ளிச் சிறுமியரும் 'யுவான் சுவாங்' என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடுவர். அத்துடன் அவரை மறந்தும் விடுவர். பாலைவனமும் பனிமலையும் கடந்து, நாளந்தாவில் பயின்று, நம் காஞ்சிபுரம் வரை வந்தவர் அவர். உண்மைதான். ஆயினும் நடந்த கால்களைப் போற்றும் நாம், எழுதிய கையைப் பாராட்டத் தவறுகிறோம் என்பதே என் குறை.

கி.பி. 645-ல் அவர் 657 நூல்களுடன் சாங்-ஆன் நகரம் திரும்பியபோது ஊரே திரண்டு வரவேற்றது. ஆனால் வடமொழி அறியாத மக்களுக்கு அவை வெறும் ஏட்டுக் கட்டுகள்தாமே! பேரரசர் பதவி தர முன்வந்தும் அதை மறுத்து, எஞ்சிய 19 ஆண்டுகளையும் அவர் மொழிபெயர்ப்பிற்கே தந்தார். ஒருவர் எழுத, ஒருவர் பொருளைச் சரிபார்க்க, மற்றொருவர் நடையைத் திருத்த, ஒரு குழுவே அவருடன் உழைத்தது. அங்ஙனம் சீன மொழி பெற்ற நூல்கள் சுமார் 75.

"மொழிபெயர்ப்புதானே, சொந்தமாக எழுதியதா?" என்று அலட்சியமாகக் கேட்போர் குமாரஜீவரையும் அறிய வேண்டும். அவர் தந்தை இந்தியர். தாய் ஜீவா, மத்திய ஆசியாவிலுள்ள கூசா நாட்டு இளவரசி. அந்த அம்மையார் துறவு பூண்டு, சிறுவனான மகனைக் கல்விக்காகக் காஷ்மீரம் வரை அழைத்துச் சென்றார். (இத்தகைய தாய்க்குப் பாடநூலில் ஒரு வரியாவது தரலாகாதா?) பின்னர் கூசாவை வென்ற படைத்தலைவன் ஒருவன் குமாரஜீவரைப் பிடித்துச் சென்றான். ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் அன்னியர் பிடியிலேயே கழித்தார். 401-ல் சாங்-ஆன் வந்தபின், 406-ல் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்தில் தந்தார். மொழிபெயர்ப்பு என்பது பிறர் மென்று ஊட்டும் சோறு, அதில் சுவை இராது என்று அவரே சொன்னாராம். அந்த அடக்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1,600 ஆண்டுகள் கடந்தும் ஜப்பானியக் கோயில்களில் ஓதப்படுவது அவர் தந்த வாசகமே.

யுவான் சுவாங்கின் இறுதிப் பெரும்பணி பிரஞ்ஞாபாரமிதை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறும் மாபெரும் நூல் அது. சுருக்கிவிடலாமே என்று சீடர்கள் வேண்டினர். முதுமையும் நோயும் வாட்டியபோதும் ஒரு வரியையும் விட அவர் மனம் ஒப்பவில்லை. 663-ல் 600 பகுதிகளையும் முடித்தார். மறு ஆண்டே மறைந்தார்.