கடல்கோளும் கணக்கப்பிள்ளைகளும்

எங்கள் மல்லசமுத்திரத்தில் சமுத்திரம் ஊர்ப் பெயரோடு சரி. ஏரியைச் சமுத்திரம் என்று சொல்லிக்கொள்ளும் தாராளம் முன்னோருடையது. இலக்கியத்தில் நம் தாராளம் இதையும் மிஞ்சியது. இறையனார் களவியல் உரை சொல்லும் கடல் கொண்ட கபாடபுரத்தை வைத்து எத்தனை மேடை முழக்கங்கள்! அது சரித்திரமா கற்பனையா என்பது வேறு விவகாரம். கடல் விழுங்கியதில் நமக்குப் பெருமை மட்டும்தான். அதை எச்சரிக்கையாக வாசித்த விமர்சகனை நான் சந்தித்ததில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல் உள்ளே வந்தது. அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுசில் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் வேக ஈனுலைக்கான அஸ்திவாரக் குழி நிரம்பியது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை பத்திரமாக நின்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் கடலிடம் எதிர்பார்த்தது புயல் அலையை. சுனாமி கணக்கில் இல்லை. உலை தப்பியதால் கணக்கு சரியாகிவிடாது.

'ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை' என்று நிபுணர்கள் சொன்னதும் நாம் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அதன் அர்த்தம், ஒவ்வொரு வருஷமும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பது. நாற்பது வருஷம் ஓடும் உலைக்கு அது ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு.

ஜப்பானில் 869-ல் வந்த ஜோகன் கடல்கோள் பழைய ஏடுகளில் பதிவாகியிருந்தது. யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் அதை நம்பினார். பிடிவாதம் பிடித்து ஒனகாவா நிலையத்தை 14.8 மீட்டர் உயரத்தில் வைக்கச் செய்தார். ஃபுகுஷிமாவில் 35 மீட்டர் மேட்டை வெட்டி, முதல் நான்கு உலைகளை 10 மீட்டருக்கு இறக்கினார்கள். 15.7 மீட்டர் அலை வரலாம் என்று டெப்கோ கம்பெனியின் சொந்தக் கணக்கே 2008-ல் சொன்னது. மேலும் ஆராயலாம் என்று ஒதுக்கினார்கள். 2011 மார்ச் 11-க்குப் பிறகு ஆராய ஒன்றும் மிச்சமில்லை. ஒனகாவா தப்பியது.

நான் வங்கி குமாஸ்தா. கடன் கேட்பவரே தன் நிலத்துக்குப் போட்டுத் தரும் மதிப்பை எந்த வங்கியும் ஏற்காது. அணு உலையில் மட்டும் இந்தச் சின்ன விவேகம் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுகிறது. 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டபூர்வமான தனி அந்தஸ்து இல்லை என்று 2012-ல் மத்திய தணிக்கை அறிக்கையே எழுதியது.

'நாம் கெட்டிப் பாறைமேல் இருக்கிறோம், நமக்கென்ன' என்கிறார் ஒரு நண்பர். மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் தக்காணப் பாறைதான். அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலமாக இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியலில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள்.

ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறோம். உலையின் தரைமட்டம் இத்தனை மீட்டர் என்கிற எண்ணும் ஒரு பிரதிதான். எழுதியவர் யார், எந்த ஏட்டைப் படிக்காமல் விட்டார், எண் பெரிதானால் யாருக்கு நஷ்டம்? இதைக் கேட்கத் தெரியாதவனின் விமர்சனம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் படுகிறது.