தப்பான சலானுக்கு ஆயிரம் ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி



ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. குற்றாலத்துல நல்ல சாரல். ஐந்தருவியில குளிச்சுட்டு, பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுட்டு, தென்காசிக்கு வந்து படுத்துத் தூங்கிட்டேன். வியாழக்கிழமை ஆபீஸ்ல இருக்கும்போது ஒரு எஸ்எம்எஸ். ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டினதுக்கு 1,000 ரூபாய் அபராதம். நாள் அதே ஞாயித்துக்கிழமை, நேரம் மதியம் 12:40. இடம், இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குற ஒரு ஊர். அந்த ஊருக்கு நான் போயே மூணு வருஷம் ஆச்சு.

பக்கத்து சீட்டு நண்பன் எட்டிப் பார்த்தான். "ஆயிரம் ரூவா தானல? கட்டிட்டு வேலையப் பாரு. இதுக்குப் போயி கோர்ட்டு, கேஸுன்னு அலையப் போறியா?"

மாசச் சம்பளம் வாங்குற நாம எல்லாருமே போடுற கணக்கு இது. ஒரு நாள் லீவு போட்டா ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் போகும், சலானும் ஆயிரம், அதனால கட்டிடலாம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கணக்குல ரெண்டு மூணு வரி விட்டுப் போயிருக்கு.

முதல்ல தொகை. தமிழ்நாட்டுல ஹெல்மெட் அபராதம் 2022 அக்டோபர் வரைக்கும் 100 ரூபாய். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி தமிழக அரசு தொகையை உயர்த்தினப்போ அது 1,000 ஆச்சு. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000. இன்சூரன்ஸ் இல்லன்னா 2,000. நூறு ரூபாய் காலத்துல "போனா போகட்டும்"னு விட்டது நமக்குப் பழக்கமாயிடுச்சு. தொகை பத்து மடங்கு ஏறின பிறகும் பழக்கம் மாறல.

அடுத்தது, பணம் கட்டினா என்ன அர்த்தம்? சட்டத்தோட 200ஆவது பிரிவுப்படி நீங்க கட்டுறது ஒரு சமரசத் தொகை. அதாவது குற்றம் நடந்துச்சு, அதை கோர்ட்டுக்குக் கொண்டு போகாம இங்கேயே முடிச்சுக்கிறேன்னு நீங்க ஒத்துக்குறீங்க. கட்டின பிறகு "நான் இல்ல சார்"னு போய் நின்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவுல அபராதத்தோட மூணு மாசம் லைசென்ஸ் தகுதி இழப்பும் எழுதியிருக்கு. டெலிவரியோ, மெடிக்கல் ரெப்போ, கலெக்‌ஷன் வேலையோ பாக்குறவருக்கு மூணு மாசம் லைசென்ஸ் இல்லன்னா நஷ்டம் எவ்வளவுன்னு நான் சொல்லணுமா?

எனக்கு நிஜமாவே பயம் வந்தது வேற ஒரு விஷயத்துல. என் நம்பரை வேற எவனாவது தன் வண்டியில மாட்டிக்கிட்டு சுத்துறானோ? அப்படி இருந்தா ஆயிரம் ரூபாய்தான் இருக்குறதுலயே சின்னப் பிரச்சினை. நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடிச்சுட்டு நிக்காமப் போனா, நம்பரை வச்சு போலீஸ் வரப்போறது என் வீட்டுக்கு. அந்தத் தேதியில, அந்த ஊர்ல என் வண்டி இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு நானே பணம் கட்டின ரசீது வேற அங்க இருக்கும்.

இன்னொண்ணு. போக்குவரத்து விதிமீறலை இன்சூரன்ஸ் பிரீமியத்தோட இணைக்கலாம்னு ஐஆர்டிஏஐ அமைச்ச ஒரு பணிக்குழு 2021லயே பரிந்துரை பண்ணியிருக்கு. அப்படி ஒரு முறை வந்தா, செய்யாத தப்புக்கும் வருஷா வருஷம் கூடுதலா கட்டணும்.

அதுக்காக கட்டாமலே விட்டுடாதீங்க. அது இன்னும் மோசம். நிலுவையில இருக்குற சலான் வண்டியை விக்கும்போது, பேர் மாத்தும்போது குறுக்க வந்து நிக்கும். கட்டுறதுக்கும் கண்டுக்காம விடுறதுக்கும் நடுவுல, எதிர்த்துக் கேக்குறதுன்னு ஒரு வழி இருக்கு. அதை நாம பாக்குறதே இல்ல.

எஸ்எம்எஸ்ல இருந்த லிங்க்கை நான் தொடல. சலான்னு சொல்லி வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் அனுப்பி அக்கவுண்ட்டையே வழிச்சு எடுக்குற கும்பல் நாடு முழுக்க இருக்கு. நேரா பரிவாஹன் இ-சலான் தளத்துக்குப் போய் (முகவரி ஜிஓவி டாட் இன்னுன்னு முடியணும்) வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். சலான் நிஜம்தான். அடுத்து வீட்ல கேட்டேன். சிரிக்காதீங்க. சீசன் நேரத்துல மச்சான், சித்தப்பா பையன்னு யாராவது வண்டியை எடுத்துட்டுப் போறது நம்ம ஊர்ல சகஜம். பாதி "தப்பான சலான்" அங்கேயே சரியான சலான் ஆயிடும்.

அப்புறம் போட்டோவைத் திறந்தேன். சிவப்பு கலர் பைக். என்னோடது சாம்பல் கலர் ஸ்கூட்டர். பிளேட்டைப் பெருசாக்கிப் பார்த்தா டிஎன் 72. அதாவது திருநெல்வேலி வண்டி. என்னோடது தென்காசி, டிஎன் 76. மத்த எழுத்து, நம்பர் எல்லாம் ஒண்ணு. மெஷின்ல தட்டினவர் 2க்குப் பதிலா 6 தட்டிட்டார். அவ்வளவுதான் விஷயம். நல்லவேளை, போலி நம்பர் இல்ல.

மனுஷங்க தட்டுறதாலதான் தப்பு வருது, கேமரான்னா வராதுன்னு நினைக்க வேண்டாம். 2021ல இங்கிலாந்துல பாத் நகரத்து பஸ் லேன் கேமரா, ரோட்டுல நடந்து போன ஒரு பெண்ணோட டி-ஷர்ட்டுல இருந்த "நிட்டர்"ங்கிற இங்கிலீஷ் வார்த்தையை கார் நம்பர்னு படிச்சுடுச்சு. நூறு மைலுக்கு மேல தள்ளி இருந்த ஒரு தம்பதிக்கு அபராத நோட்டீஸ் போச்சு. அவங்க போட்டோவைக் கேட்டுப் பார்த்ததால ரத்தாச்சு. கட்டியிருந்தா?

கேமரா விஷயம் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரொம்பவே முக்கியம். புளியரை தாண்டினா கேரளா, அங்க 726 கேமரா திட்டத்துல 2023 ஜூன்ல இருந்து அபராதம் போட ஆரம்பிச்சாங்க. கேமரா சலானுக்குன்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167ஏ-ன்னு ஒண்ணை 2021ல சேர்த்தாங்க. சலான்ல தப்பும் நம்பர் பிளேட்டும் தெளிவாத் தெரியுற போட்டோ, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்கணும். நடந்த 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். கருவிக்கு வருஷா வருஷம் புதுப்பிச்ச ஒப்புதல் சான்றிதழ் வேணும். அந்தச் சான்றிதழ் இருக்கான்னு 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ-ல கேக்கலாம், 30 நாள்ல பதில் தரணும்.

இந்த இடத்துல சில பேர் என்மேல கோபப்படலாம். பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு, தெருப் பேர் தப்பா இருக்கு, அதனால சலானே செல்லாதுன்னு சில வீடியோவுல அடிச்சு விடுறாங்க. அது நடக்காது. ஹெல்மெட் போடாம போனது நீங்க, போட்டோவுல இருக்குறது உங்க வண்டின்னா, "குமார்"ல கால் விட்டுப் போனதை வச்சு தப்பிக்க முடியாது. கட்டிடுங்க. யார், எந்த வண்டி, எங்கே, எப்போ, என்ன தப்பு. இதுல ஒண்ணு மாறியிருந்தாத்தான் சண்டை போட விஷயம் இருக்கு. கார் நம்பருக்கு ஹெல்மெட் சலான் வர்ற மாதிரி.

ஆதாரம் தேடினப்போ ஒண்ணு கத்துக்கிட்டேன். பரோட்டாக் கடையில ஜிபே பண்ணது 1:05க்கு. இது போதும்னு நினைச்சேன். யோசிச்சா, யுபிஐ நான் எங்க இருந்தேன்னு சொல்லும், என் வண்டி எங்க இருந்துச்சுன்னு சொல்லாது. அதைச் சொன்னது ஐந்தருவிகிட்ட பார்க்கிங் அண்ணாச்சி கிழிச்சுக் கொடுத்த டோக்கன். வண்டி நம்பர், தேதி, நேரம் எல்லாம் பேனாவுல எழுதியிருந்தார். நனைஞ்ச பேன்ட் பாக்கெட்ல பாதி கரைஞ்சு கிடந்துச்சு, ஆனா படிக்க முடிஞ்சுது. பார்க்கிங் டோக்கன், பெட்ரோல் பில், சர்வீஸ் ஜாப் கார்டு, காரா இருந்தா ஃபாஸ்டேக் கணக்கு. இதெல்லாம் வண்டி நம்பரோட வர்ற காகிதம்.

இ-சலான் தளத்துலயே புகார் பகுதி இருக்கு. சலான் நம்பர் போட்டு, ஆர்சி, என் வண்டியோட முன்பக்கம் பின்பக்கம் போட்டோ, டோக்கன் போட்டோ எல்லாம் சேர்த்து, நாலு வரி எழுதினேன். கதை இல்ல. "சலான் போட்டோவில் இருக்கும் எண் டிஎன் 72. என் வண்டி டிஎன் 76. நிறமும் மாடலும் வேறு. ரத்து செய்யவும்." அதையே சலான் போட்ட மாவட்டத்து எஸ்.பி. ஆபீஸுக்குப் பதிவுத் தபால்லயும் அனுப்பினேன். மொத்தம் முக்கால் மணி நேரம், தபால் செலவு நூறு ரூபாய்க்குள்ள. நண்பன் பயமுறுத்தின கோர்ட்டு இதுல எங்கேயுமே வரல.

சரி, புகாரைத் தள்ளிட்டா? அப்போதான் நிஜமான கணக்கு வருது. சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தா அந்தத் தளத்துல பணம் கட்டலாம், இல்ல வழக்கை எதிர்க்கிறேன்னு தேர்ந்தெடுக்கலாம். எதிர்த்தா அந்த எல்லைக்குள்ள இருக்குற மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வழக்கு மாறும். நேர்ல போகணும். சம்பளம் 25,000னு வைங்க. ஒரு நாள் லீவு 833, போக வர பஸ், சாப்பாடு 700. ரெண்டு வாய்தான்னா 3,000 தாண்டிடும். ஆயிரம் ரூபாய்க்கு மூவாயிரம். அந்தக் கட்டத்துல ஒருத்தர் "முடியலப்பா, கட்டிடுறேன்"னு சொன்னா அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா போட்டோவுல இருக்குறது என் நம்பரே இல்லன்னா நான் போவேன். போலி நம்பர் சந்தேகம் இருந்தா கண்டிப்பா போவேன், அதுக்கு முன்னாடி உள்ளூர் ஸ்டேஷன்ல எழுத்துல ஒரு புகாரும் கொடுப்பேன். பெண்களா இருந்தா வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா இலவச வக்கீல் கேக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படித்தான். இதைப் பயன்படுத்தினவங்களை நான் ரொம்பக் குறைவாத்தான் பார்த்திருக்கேன்.

எனக்கு அவ்வளவு தூரம் போகல. பதினோராவது நாள் ஸ்டேட்டஸ் மாறியிருந்துச்சு. நண்பன்கிட்ட காட்டினேன். ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் டீக்கடையில நிக்கும்போது மெதுவா மொபைலை நீட்டினான். போன வருஷம் அவனுக்கு வந்த சலான், கட்டின ரசீதோட. போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். அவன்கிட்ட இருக்குறது பைக். போட்டோவுல நின்னது ஒரு ஆட்டோ.